கைரேகை வைத்தால் கச்சேரி

இருபதாம் நூற்றாண்டின் மிகக் கறாரான ஜாஸ் விமர்சகர் யார் என்று கேட்டால், இசைப் பத்திரிகைகளில் பத்தி எழுதியவர்கள் நாலைந்து பேரைச் சொல்வார்கள். விஷயம் தெரியாதவர்கள். அந்தப் பட்டத்துக்கு உரியவர் நியூயார்க் நகரப் போலீசில் லைசென்ஸ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி. அவர் ஒரு வரி விமர்சனம் எழுதியதில்லை. தேவையும் இருக்கவில்லை. மற்ற விமர்சகர்கள் பிடிக்காத கலைஞனைக் காலையில் கிழித்து எழுதினால், அவன் சாயங்காலம் வழக்கம்போல வந்து வாசித்துவிட்டுப் போவான். இவரோ ஓர் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வார். அத்தோடு அவன் ஊரில் வாசிக்க முடியாது. கலை உலகில் இவ்வளவு செல்வாக்கோடு ஒரு ரசிகர் வாழ்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த அட்டைக்குப் பெயர் காபரே கார்டு. 1940 முதல் 1967 வரை நியூயார்க்கில் மது பரிமாறிப் பாட்டும் ஆட்டமும் நடத்தும் எந்த கிளப்பிலும் வேலை பார்க்க அது வேண்டும். பாடகிக்கும் வேண்டும், பரிமாறுகிறவனுக்கும் வேண்டும், பாத்திரம் கழுவுகிறவனுக்கும் வேண்டும். போலீசிடம் போக வேண்டும். பத்து விரலையும் மையில் தோய்த்து உருட்ட வேண்டும். படம் எடுப்பார்கள். நன்னடத்தை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு வருஷம் கழித்துப் புதுப்பிக்கத் திரும்ப வர வேண்டும். குற்றவாளிகள் இரவு விடுதிகளுக்குள் நுழையாமல் தடுக்கத்தான் இத்தனையும் என்றார்கள். உயர்ந்த நோக்கம். அன்றைய நியூயார்க் கிளப்புகள் பலவற்றின் கல்லாவுக்குப் பின்னால் மாஃபியா இருந்தது ஊரறிந்த சங்கதி. கல்லாவைத் தொட முடியுமா? ஆகவே சாக்ஸபோன்காரனின் சட்டைப்பையைத் துழாவி நகரத்தைத் தூய்மைப்படுத்தினார்கள்.

சட்டத்துக்குச் சங்கீத ஞானமும் இருந்தது. காபரே லைசென்ஸ் இல்லாத சின்ன உணவகங்களில் மூன்று பேருக்கு மிகாமல் வாசிக்கலாம் என்று சலுகை கொடுத்த பிரிவு, எந்தெந்த வாத்தியம் என்பதையும் சொன்னது. பியானோ, ஆர்கன், அக்கார்டியன், கிதார், தந்தி வாத்தியங்கள் ஆகட்டும். டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் கூடாது. அதாவது சாப்பாட்டு வேளையில் வயலின் இழைந்தால் அது பண்பாடு. கறுப்பன் கையில் எடுத்து ஊதுகிற, அடிக்கிற எதுவும் பொது அமைதிக்குப் பங்கம். இந்த வாத்திய ஜாதிப் பட்டியலை நீதிமன்றம் தூக்கி எறிய 1980களின் பின்பாதி வரை ஆயிற்று.

சரி, அட்டை பறிபோனவர்கள் கதைக்கு வருவோம்.

பில்லி ஹாலிடே 1947இல் போதை மருந்து வழக்கில் கைதாகி மேற்கு வர்ஜீனியாவில் ஆல்டர்சன் பெண்கள் சிறைக்குப் போனார். 1948 மார்ச்சில் வெளியே வந்தார். பதினோரு நாள் கழித்து, மார்ச் 27 அன்று, கார்னகி ஹாலில் அவருடைய கச்சேரி. டிக்கெட் அத்தனையும் விற்றுப்போய், மேடையிலும் நாற்காலி போட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மிகப் பெருமைக்குரிய அந்த அரங்கில் பாட அவருக்குத் தடை ஏதுமில்லை. அங்கே மது விற்பதில்லை அல்லவா? தடையெல்லாம் நாற்பது மேசை போட்ட நிலவறை கிளப்புக்குத்தான். ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் பாடினால் ஒழுக்கம் கெடாது, நூறு பேர் முன்னால் பாடினால் கெட்டுவிடும் என்று நியூயார்க் போலீஸ் கண்டுபிடித்திருந்தது. ஆனால் ஜாஸ் பாடகி வருஷத்துக்கு இரண்டு கார்னகி ஹாலில் பிழைப்பதில்லை. வாரம் ஆறு ராத்திரி, ராத்திரிக்கு மூன்று முறை என்று கிளப்பில் பாடித்தான் வாடகை கொடுக்கிறாள். அந்த அடுப்பைத்தான் அணைத்தார்கள். சாகும்வரை, பன்னிரண்டு வருஷம், அட்டை அவர் கைக்குத் திரும்பவில்லை.

இவர்மேல் ஏன் இத்தனை அக்கறை? அவர் 1939இல் ஒரு பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்திருந்தார். தென் மாநிலங்களில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றதைப் பற்றிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’. அவரை ஒப்பந்தத்தில் வைத்திருந்த கொலம்பியா கம்பெனிக்கு அதை வெளியிடத் தைரியமில்லை. கமடோர் என்ற சின்னக் கம்பெனியில் போய்ப் பாடினார். மத்தியப் போதைப்பொருள் துறையின் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கரோ ஜாஸ் கலைஞர்களுக்கென்றே தனிக் கோப்பு வளர்த்த மனிதர். நாடு முழுக்க உள்ள ஜாஸ் வாத்தியக்காரர்களை ஒரே நாளில் வளைத்துப் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. காட்டிக்கொடுக்க ஆள் கிடைக்காததால் கைகூடவில்லை. பாவம்.

காட்டிக்கொடுக்காதவர்களில் ஒருவர் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க். 1951 ஆகஸ்டில் நண்பர் பட் பவலுடன் நிறுத்தியிருந்த காரில் உட்கார்ந்திருந்தார். போலீஸ் வந்தது, ஹெராயின் பொட்டலம் அகப்பட்டது. பொட்டலம் தன்னுடையது இல்லை என்று மங்க் சொன்னார். யாருடையது என்று சொல்ல மறுத்தார். பவலை 1945இல் ஃபிலடெல்ஃபியா போலீஸ் மண்டையில் அடித்த அடியிலிருந்து அவர் மனநோய் மருத்துவமனைக்கும் மேடைக்குமாக அல்லாடிக்கொண்டிருந்தார். மின்னதிர்ச்சி வைத்தியமும் பார்த்தாகிவிட்டது. அந்த உடம்பு இன்னொரு சிறையைத் தாங்காது என்று மங்குக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் அறுபது நாள் இருந்தார்.

நீதிமன்றம் கொடுத்தது அறுபது நாள். லைசென்ஸ் மேசை கொடுத்தது ஆறு வருஷம். நீதிபதிக்குச் சாட்சி வேண்டும், வாதம் வேண்டும், தீர்ப்புக்குக் காரணம் எழுத வேண்டும். இந்த மேசைக்கு இழுப்பறை ஒன்று போதும்.

‘ரவுண்ட் மிட்நைட்’ இயற்றிய மனிதர், ஓராண்டு ஈராண்டல்ல, 1951 முதல் 1957 வரை தன் சொந்த ஊர் கிளப்பில் சட்டப்படி வாசிக்க முடியாமல் வீட்டுப் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தார். மனைவி நெல்லி வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினார். இந்தக் காலத்தைப் பற்றி இசைத்தட்டு உறைகளின் பின்பக்கத்தில் உருக உருக எழுதுவார்கள். மர்மமான மௌனமாம். உலகத்திலிருந்து ஒதுங்கிய துறவியாம். தனிமைத் தவத்தில் கனிந்த மேதைமையாம். துறவும் இல்லை, தவமும் இல்லை ஐயா. அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஆலைத் தொழிலாளியை யாராவது மோனத்தில் ஆழ்ந்தார் என்று எழுதுவார்களா? கலைஞன் என்றால் மட்டும் பட்டினிக்கு ஒரு பட்டுத் துணி போர்த்திவிடுகிறோம். துன்பம்தான் ஜாஸை உண்டாக்கியது என்று விஸ்கியை உறிஞ்சியபடி சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. துன்பத்தை உண்டாக்கியவர்களுக்கு மாதச் சம்பளம் இருந்தது. ஓய்வூதியமும் இருந்தது.

கிளப்பில் வாசிக்காத பியானோக்காரனின் சந்தை விலை என்ன என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பிரெஸ்டீஜ் கம்பெனியில் மங்க் முன்பணம் வாங்கிய பாக்கியைக் கட்டி, ரிவர்சைட் என்ற கம்பெனி 1955இல் அவரை விடுவித்து எடுத்துக்கொண்டது. பாக்கித் தொகை 108 டாலர் 27 சென்ட். அடுத்த ஆண்டே அவர்களுக்கு அவர் பதிவு செய்து தந்தது ‘பிரில்லியன்ட் கார்னர்ஸ்’. தலைப்புப் பாட்டு அவ்வளவு கடினம். தேர்ந்த வாத்தியக்காரர்கள் இருபத்தைந்து முறை முயன்றும் ஒரு முறைகூட முழுசாக முடிக்க முடியாமல், துண்டுகளை வெட்டி ஒட்டித்தான் இசைத்தட்டாக்கினார்கள். அந்த 27 சென்ட்தான் என் மனசை அறுக்கிறது. சில்லறையைக்கூட விடாமல் எண்ணி வாங்கியிருக்கிறார்கள்.

சார்லி பார்க்கரின் அட்டையும் அதே 1951இல் போனது. பார்க்கருக்குப் ‘பேர்ட்’ என்று செல்லப்பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் பிராட்வேயில் 1949 டிசம்பரில் ‘பேர்ட்லண்ட்’ கிளப்பைத் திறந்தார்கள். அவர் பெயரைப் பலகையில் மாட்டிக் கூட்டம் சேர்க்க போலீஸ் அட்டை வேண்டியதில்லை. பலகைக்குக் கீழே அவரே வந்து நின்று ஊத வேண்டுமென்றால் வேண்டும். 1953 பிப்ரவரியில் மாநில மதுபான ஆணையத்துக்கு அவர் ஒரு மனு எழுதினார். நவீன சாக்ஸபோன் வாசிப்பையே திருப்பிப் போட்ட மனிதர், குமாஸ்தாவுக்குப் பணிந்து, தன் தொழிலைச் செய்ய அனுமதி கேட்கிறார். வைத்தியச் செலவுக்குப் பணமில்லாமல் தன் பெண் குழந்தை தர்மக் கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று அதில் எழுதியிருந்தார். அடுத்த வருஷம் மார்ச்சில் அந்தக் குழந்தை செத்துப்போனது. அதற்கடுத்த மார்ச்சில் பார்க்கர் செத்துப்போனார். வயது 34. உடம்பைப் பார்த்த டாக்டர் ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்.

இதே வருஷங்களில் அமெரிக்க அரசு இன்னொரு காரியம் செய்துகொண்டிருந்தது. அதைச் சொல்லாவிட்டால் கதை வெறும் போலீஸ் அராஜகமாகக் குறுகிவிடும். ரஷ்யாக்காரன் உங்கள் நாட்டில் கறுப்பர்களை எப்படி நடத்துகிறீர்கள் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். பதில் சொல்ல வேண்டும். நடத்துவதை மாற்றுவது நாளாகும் வேலை. ஆகவே ஜாஸை ஏற்றுமதி செய்தார்கள். 1955 முதல் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலி இரவுதோறும் இரும்புத் திரைக்கு அப்பால் ஜாஸ் ஒலிபரப்பியது. 1956இல் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியை அரசுச் செலவில் மத்தியக் கிழக்குக்கும் தெற்காசியாவுக்கும் அனுப்பினார்கள். இந்த இசை சுதந்திரத்தின் குரல் என்று தூதரகங்கள் துண்டுப் பிரசுரம் அடித்தன. வெளியுறவுத் துறைக்குச் சுதந்திரத்தின் குரல். நியூயார்க் போலீசுக்குச் சந்தேகத்துக்கிடமான நடமாட்டம்.

1958இல் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு சென்னைக்கும் வந்தது. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார்கள். டிரம்ஸ்காரர் ஜோ மொரெல்லோவுக்கும் அவருக்கும் கணக்கு வழக்கு ஒத்துப்போனதில் வியப்பில்லை. குழுவில் பாஸ் வாசித்தவர் யூஜீன் ரைட். கறுப்பர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் சமமாக நிற்கிறார்கள் பாருங்கள் என்று மதராசிகளாகிய நமக்குக் காட்டத்தான் அரசு கப்பலும் விமானமும் ஏற்பாடு செய்தது. நாமும் கைதட்டினோம். இரண்டு வருஷத்துக்குள் அதே குழு அமெரிக்கத் தென் மாநிலக் கல்லூரிகளில் சுற்றுப்பயணம் கிளம்பியபோது, ரைட் வரக்கூடாது, வெள்ளை ஆளைக் கூட்டிவா என்று பெரும்பாலான கல்லூரிகள் சொல்லிவிட்டன. புரூபெக் மறுத்தார். கச்சேரிகள் ரத்தாயின. சென்னையில் காட்டிய சரக்கு உள்நாட்டு விற்பனைக்கு அல்ல போலிருக்கிறது. லூயி ஆம்ஸ்ட்ராங் மட்டும் 1957இல், லிட்டில் ராக் பள்ளியில் கறுப்புப் பிள்ளைகளை நுழையவிடாமல் மறித்தபோது, அதிபர் ஐசனோவருக்கு முதுகெலும்பு இல்லை என்ற பொருளில் பத்திரிகையாளரிடம் வெடித்துவிட்டு, அரசு ஏற்பாடு செய்துகொண்டிருந்த சோவியத் பயணத்துக்கு வர மாட்டேன் என்றார். எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பவர் என்று அவரை ஏளனம் செய்த இளைஞர்களுக்கு அன்றைக்கு வாயடைத்தது.

இந்த இரட்டை வேஷம் ஒரே ராத்திரியில், ஒரே மேடையில் கூடி நின்ற நாளும் உண்டு. 1957இல் மங்குக்கு அட்டை திரும்பக் கிடைத்தது. ஃபைவ் ஸ்பாட் என்ற சின்ன மதுக்கூடத்தில் ஜூலை முதல் மாதக்கணக்கில் வாசித்தார். கூட சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன். ஆறு வருஷமாக ஊருக்கு மறைத்து வைத்திருந்த இசையைக் கேட்க ஓவியர்களும் கவிஞர்களும் முண்டியடித்தார்கள். நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் ஒரு தர்மக் கச்சேரி. மங்கும் கோல்ட்ரேனும் வாசித்தார்கள். பில்லி ஹாலிடே பாடினார். ஒருவர் அட்டை திரும்பப் பெற்று சில மாதமானவர். இன்னொருவர் பத்து வருஷமாக அட்டை இல்லாதவர். அன்றைய கச்சேரியை ஒலிநாடாவில் பதிந்தது யார் தெரியுமா? அமெரிக்க அரசின் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா. உள்ளூரில் வாயை அடைத்தவர்களின் இசையை வெளியூருக்கு அனுப்ப அரசாங்கமே மைக் வைத்தது. பிறகு நாடாவைப் பெட்டியில் போட்டு மறந்தது. 2005இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பழைய நாடாக்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் கண்ணில் அது தற்செயலாகப் பட்டது. இசைத்தட்டாக வந்து விற்பனையில் சக்கைப்போடு போட்டது. நாற்பத்தெட்டு வருஷம் தொலைந்திருந்த பொக்கிஷம் என்று எல்லோரும் புல்லரித்தார்கள். பொக்கிஷம் தொலையவில்லை. அரசாங்க அலமாரியில்தான் இருந்தது.

அந்தக் கச்சேரி முடிந்து ஒரு வருஷம் ஆகவில்லை. 1958 அக்டோபரில் பால்டிமோருக்கு வாசிக்கப் போகும் வழியில், டெலவேர் மாநிலத்தில் ஒரு விடுதியில் மங்க் தண்ணீர் கேட்டு இறங்கினார். நெடிய கறுப்பு மனிதர், அதிகம் பேசாதவர். விடுதிக்காரருக்குப் பயம் வந்து போலீசைக் கூப்பிட்டார். பென்ட்லி காரில், ரோத்ஸ்சைல்ட் வம்சத்து வெள்ளைக்காரச் சீமாட்டி நிக்கா பக்கத்தில் இவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் போலீசுக்கும் பயம் வந்திருக்க வேண்டும். இறங்கச் சொன்னார்கள், இறங்கவில்லை. கையில் அடித்தார்கள். பியானோ வாசிக்கிற கை, அடிக்காதீர்கள் என்று நிக்கா கத்தியும் கையிலேயே அடித்தார்கள். காரில் கொஞ்சம் கஞ்சா கிடைத்தது. என்னுடையது என்று நிக்கா பழியை ஏற்றார். அவருக்கு மூன்று வருஷச் சிறை என்று தீர்ப்பாகி, மேல்முறையீட்டில் ரத்தானது. மங்குக்கோ நியூயார்க்கில் அட்டை மறுபடியும் போனது. வேறொரு மாநிலத்தில் தண்ணீர் கேட்ட குற்றத்துக்கு 1960 வரை கிளப் வாசல் மிதிக்கவில்லை.

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸுக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியிருக்கவில்லை. 1959 ஆகஸ்ட் 17 அன்று ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ வெளிவந்தது. உலகத்தில் இன்றைக்கும் இவ்வளவு விற்கிற ஜாஸ் இசைத்தட்டு வேறு உண்டா என்பது சந்தேகம். எட்டே நாள் கழித்து, பேர்ட்லண்ட் வாசலில் இடைவேளையில் ஒரு வெள்ளைப் பெண்ணை டாக்ஸி ஏற்றிவிட்டு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். நடையைக் கட்டு என்றது போலீஸ். நான் இங்கேதான் வாசிக்கிறேன், அதோ என் பெயர் என்று விளக்குப் பலகையைக் காட்டினார். பின்னாலிருந்து வந்த துப்பறிவாளர் மண்டையில் போட்டார். வெள்ளைக் கோட்டு முழுக்க ரத்தத்தோடு காவல் நிலையத்தில் அவர் நிற்கிற படம் மறுநாள் உலகம் சுற்றியது. அன்றைக்குத்தான் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவுக்கு, ராணுவத்தினருக்கான நிகழ்ச்சி ஒன்றை வாசித்து முடித்திருந்ததாகத் தன் வரலாற்றில் டேவிஸே சொல்கிறார். போலீஸ்காரரைத் தாக்கினார் என்று வழக்கு. அட்டை பறிமுதல். நீதிமன்றம் விடுவித்தது. அடித்தவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? இத்தனை பக்கம் படித்த பிறகுமா?

படித்த விமர்சகர்கள் மட்டும் சளைத்தவர்களா என்ன. 1965இல் புலிட்சர் இசைக் குழு, அந்த ஆண்டுப் பரிசுக்குத் தகுதியான ஒற்றைப் படைப்பு இல்லை, பதிலாக டியூக் எலிங்டனின் வாழ்நாள் பணிக்குச் சிறப்புப் பாராட்டு கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. மேலே இருந்த வாரியம் மறுத்துவிட்டது. எலிங்டனுக்கு அப்போது 66 வயது. இத்தனை சின்ன வயதில் பெரும் புகழ் வேண்டாம் என்று விதி நினைக்கிறது போலும் என்று சொல்லிவிட்டுப் போனார். செத்து இருபத்தைந்து வருஷம் கழித்து 1999இல் கொடுத்தார்கள். மங்குக்கு 2006இல், கோல்ட்ரேனுக்கு 2007இல். கல்லறையில் இருப்பவன் பொது அமைதியைக் குலைக்க மாட்டான்.

பில்லி ஹாலிடேயின் கடைசியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். 1959 கோடையில் கல்லீரல் கெட்டு நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஹெராயின் வைத்திருந்ததாக, படுக்கையில் வைத்தே கைது செய்தார்கள். பத்து விரலையும் மையில் உருட்டினார்கள். படம் எடுத்தார்கள். அறை வாசலில் காவல் போட்டார்கள்; எழுந்து உட்காரத் தெம்பில்லாத பெண் தப்பித்து ஓடிவிட்டால் நகரத்துக்கு யார் பதில் சொல்வது? கைரேகை, படம், விசாரணை. கவனித்துப் பார்த்தால் அட்டைக்கு விண்ணப்பிக்கும் முறைகள் அத்தனையும் ஒழுங்காக நிறைவேறியிருக்கின்றன. அட்டைதான் வரவில்லை. ஜூலை 17 அன்று செத்துப்போனார். வயது 44.

அட்டை முறையை நகரசபை 1967இல் ஒழித்தது. பார்க்கர், ஹாலிடே, பவல் எல்லாரும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாருக்கும் நஷ்டஈடு இல்லை. மங்க் குடியிருந்த தெருவுக்கு 1983இல் அவர் பெயர் சூட்டினார்கள். பிறகு தபால் துறை முந்திக்கொண்டது: 1994இல் ஹாலிடேக்குத் தபால்தலை, 1995இல் பார்க்கர், மங்க், கோல்ட்ரேன் எல்லோருக்கும். உயிரோடு இருந்தபோது விரலில் மை பூசினார்கள், செத்த பிறகு முகத்தில் முத்திரை குத்தினார்கள். ஹாலிடே தபால்தலையின் விலை 29 சென்ட். அவர் இறந்த அன்று வங்கிக் கணக்கில் இருந்தது 70 சென்ட். தன் தலை போட்டதில் இரண்டு வாங்கியிருக்கலாம். மீதி 12 சென்ட் கிடைத்திருக்கும்.